நின்றால் வரவு, நகர்ந்தால் செலவு

என் வீட்டுக்காரருடைய பழைய காரின் டைனமோவைத் திறந்தபோது உள்ளே சந்தனமும் குங்குமமும் இருந்தன. பாலிடெக்னிக்கில் மின் எந்திர ஆய்வகத்தில் வேலை பார்ப்பவள் நான். மாணவர்கள் எரித்து வைத்தது, எலி கடித்தது, மழையில் நனைந்தது என்று பல எந்திரங்களின் உள்பக்கத்தைப் பார்த்திருக்கிறேன். பொட்டு வைத்த எந்திரத்தை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன்.

டைனமோ என்பது பழைய கார்களுக்கு மின்சாரம் செய்து கொடுக்கும் இரும்பு உருளை. எஞ்சினோடு பெல்ட்டால் இணைந்திருக்கும்; எஞ்சின் ஓடினால் இதுவும் சுற்றும். சுற்றும்போது உண்டாகும் மின்சாரம்தான் விளக்குகளை எரிய வைக்கும், மீதி பேட்டரியில் ஏறும். உருளையின் ஒரு முனையில் செப்புப் பட்டைகளை வட்டமாக அடுக்கி வைத்திருப்பார்கள். கம்யூட்டேட்டர் என்று பெயர். அதன்மேல் சிறிய கரித்துண்டுகள் உரசிக்கொண்டே இருக்கும். செம்பும் கரியும் சுத்தமாகத் தொட்டுக்கொண்டால்தான் மின்சாரம் வெளியே வரும். அந்த இரண்டுக்கும் நடுவில் என் வீட்டுக்காரர் தன் பக்தியை வைத்திருந்தார்.

"இது என்னங்க?" என்றேன்.

"ஆயுத பூஜைக்கு வச்சது."

"வெளிய வைக்கக் கூடாதா? பானெட்டு எவ்வளவு பெருசா இருக்கு."

"பெயிண்ட்டுல கறை புடிச்சுரும்ல. எத்தனை தடவை பாலீஷ் போட்ட பெயிண்ட்டு அது."

"அதுக்காக டைனமோவுக்குள்ளயா?"

"தகட்டை வெலக்கிப் பாத்தேன். விக்கிரகம் மாதிரி மின்னுச்சு. வைக்கணும்னு தோணுச்சு. யாருக்கும் தெரியாதுல்ல."

"கரண்ட்டுக்குத் தெரிஞ்சிருச்சு."

இது எத்தனை ஆயுத பூஜையாக நடக்கிறது என்று கேட்டேன். அவர் அண்ணாந்து கொட்டகையின் தகரக் கூரையைப் பார்த்தார். ஆராய்ச்சிக்கு அந்தப் பதில் போதும். சுரண்டியபோது மரத்தின் உள்வட்டங்கள் போல அடுக்கடுக்காக வந்தது.

அவர் உரக்கடை வைத்திருக்கிறார். கடையில் மூட்டைகள் எங்கே இருக்கின்றன என்று அவருக்கு ஒருபோதும் தெரியாது. ஆனால் இந்தக் காரின் மேல் விழும் தூசி ஒவ்வொன்றையும் அறிவார். என் மாமனார் எங்கேயோ வாங்கிப் போட்ட கார். ஆறு வோல்ட் பேட்டரி, தட்டு மாதிரி இரண்டு முன்விளக்குகள், நீளமான மூக்கு. மாதம் ஒரு முறை வெளியே எடுப்பார். வீட்டு பிளக்கில் சார்ஜர் மாட்டிப் பேட்டரியை நிரப்பிவிட்டு, பஸ் நிலையம் வரை போய்த் திரும்புவார். அம்மீட்டர் என்று ஒரு முள் ஸ்டியரிங் பக்கத்தில் இருக்கிறது. பேட்டரியில் மின்சாரம் ஏறினால் ப்ளஸ் பக்கமும் இறங்கினால் மைனஸ் பக்கமும் சாயும். அது நெடுநாளாக ப்ளஸ் பக்கம் போனதே இல்லை என்பதை அவர் ஒரு குறையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. அந்த முள்ளின் சுபாவம் அது என்று நினைத்திருந்தார்.

போன ஆண்டு வரை அதனால் யாருக்கும் நஷ்டமில்லை. போன ஆண்டு ஒரு பங்காளி வீட்டுக் கல்யாணத்தில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்கு இந்தக் காரைக் கொடுத்தார். பாதி வழியில் விளக்குகள் மஞ்சளாகி, சிவப்பாகி, அணைந்தன. பிறகு எஞ்சினும் நின்றது. மாப்பிள்ளையை உள்ளே வைத்தபடியே நாலு பேர் தள்ளிக்கொண்டு போனார்கள். தள்ளியவர்களில் என் நாத்தனாரின் கணவரும் ஒருவர். தள்ளும்போதே இன்னொரு கையால் செல்போனில் படமும் எடுத்தார். குடும்ப வாட்ஸப் குழுவில் இன்றும் யாருக்காவது பிறந்தநாள் என்றால், வாழ்த்தோடு அந்தப் படமும் வந்துவிடும்.

இப்போது அந்த நாத்தனாரின் மகளுக்கே கல்யாணம். என் வீட்டுக்காரர் தாய்மாமன். மாப்பிள்ளை அழைப்புக்குக் கார் தன் பொறுப்பு என்று நிச்சயதார்த்தத்திலேயே சபையில் சொல்லிவிட்டார். சபையில் சொன்ன பிறகு யார் தடுக்க முடியும்? நாத்தனாரின் கணவர் பல வருடம் மஸ்கட்டில் இருந்தவர். ஏசி இல்லாத எதையும் வண்டி என்று ஒப்புக்கொள்ளாதவர். அவர் மறுக்கவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டார்.

"மச்சான், ஒங்க காரு முன்னாடி போகட்டும். நான் ஒரு புது வண்டியப் பின்னாடியே பூப்போட்டு ஏசியப் போட்டு வரச் சொல்றேன். ஒங்க லைட்டு அணைஞ்சா மாப்ளைய அதுல மாத்தி ஏத்திக்கிறோம். ஒங்களுக்கும் செரமம் இல்ல, எனக்கும் இடுப்பு வலி இல்ல."

எல்லாரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். வீட்டுக்கு வந்து இரவு சாப்பாட்டில் மோருக்குப் பதில் ரசத்தை ஊற்றிக்கொண்டார். தாய்மாமன் கொண்டு வந்த காரிலிருந்து நடுத்தெருவில் மாப்பிள்ளையை இறக்கி இன்னொரு வண்டியில் ஏற்றினால், அதற்குப் பிறகு மணவறையில் எந்த முகத்தோடு போய் நிற்பது என்பது அவர் கவலை. அதை அவர் சொல்லவில்லை. "நீ ஒரு தடவ அந்த டைனமோவப் பாரேன்" என்றுதான் சொன்னார். கல்யாணமான நாளிலிருந்து அந்தக் காரில் என்னைக் கைக்குட்டைகூட வைக்க விட்டதில்லை. அதனால் விஷயம் பெரிது என்று புரிந்துகொண்டேன்.

சோதனையை ஆய்வகத்தில் செய்வது போலவே வரிசையாகச் செய்தேன். முதலில் பெல்ட். கட்டைவிரலால் அழுத்தினால் கொஞ்சம் அமுங்க வேண்டும். எங்கள் பெல்ட் கொடிக்கயிறு போலத் தொங்கியது. அதை இழுத்துக் கட்டினேன். டைனமோவைக் கழற்றிக் கரித்துண்டுகளை வெளியே எடுத்தேன். ஒன்று குங்குமத்தோடு சேர்ந்து அதன் கூட்டிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது. செம்பைப் பெட்ரோல் துணியால் துடைத்து, மெல்லிய உப்புத்தாளால் தேய்த்தேன். எமரித்தாளை அவர் ஆசையாக நீட்டினார். அதன் பொடி மின்சாரம் கடத்தும், பட்டைகளுக்கு நடுவில் போய் உட்கார்ந்துகொள்ளும், வேண்டாம் என்றேன். பட்டைகளுக்கு நடுவே உள்ள சந்துகளை உடைந்த ஹாக்ஸா பிளேடால் ஒவ்வொன்றாகக் கீறிச் சுத்தம் செய்தேன். அவர் பக்கத்தில் முக்காலி போட்டு உட்கார்ந்து, பல் டாக்டரிடம் பிள்ளையைக் கூட்டி வந்த அப்பா மாதிரி ஒவ்வொரு கீறலுக்கும் முகத்தைச் சுளித்தார்.

அடுத்தது எனக்குப் பிடித்த சோதனை. டைனமோவைச் சுற்றினால் மின்சாரம் தரும். மின்சாரம் கொடுத்தால் அதுவே சுற்றும். பேட்டரியிலிருந்து இரண்டு வயரை எடுத்து வைத்தேன். தரையில் கிடந்த உருளை, தூக்கத்திலிருந்து எழுகிறவரைப் போல ஒரு முறை அசைந்து, பிறகு சீராகச் சுற்ற ஆரம்பித்தது.

"உசுரு இருக்கு!" என்றார்.

"உயிர் எப்பவும் இருந்துச்சு. நீங்கதான் மூச்சடைக்க வச்சிருந்தீங்க."

திரும்பப் பூட்டிவிட்டு, திருச்சி ரோட்டில் ஓட்டிப் பார்த்தோம். வேகம் கூடியதும் முள் நடுங்கி, பூஜ்யத்தைத் தாண்டி, ப்ளஸ் எட்டில் போய் நின்றது. விளக்கைப் போட்டுப் பார்த்தோம். அப்போதும் ப்ளஸ் பக்கம்தான். நார்த்தாமலை விலக்கில் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, இறங்கி டைனமோவைத் தொட்டுப் பார்த்தேன். சூடு அளவாக இருந்தது. அதற்குள் அவர் கையோடு எடுத்த அம்மீட்டர் படத்தைக் குடும்பக் குழுவில் போட்டுவிட்டார். கீழே ஒன்றும் எழுதவில்லை. வெறும் முள், ப்ளஸ் எட்டு.

வீடு திரும்புவதற்குள் நாத்தனாரின் கணவருடைய பதில் குரல் செய்தியாக வந்துவிட்டது.

"சூப்பர் மச்சான். ஆனா கல்யாணம் திருச்சி ரோட்டுல இல்ல, கீரனூர் கடைத்தெருவுல. முன்னாடி நாதஸ்வரம் போகும். அவங்கள இடிச்சுப்புட்டுப் போகப் போறீங்களா?"

கேலிக்குத்தான் சொன்னார். எனக்கு அது சுருக்கென்றது. நான் சோதிக்க மறந்தது அதைத்தான். இந்தக் கார் ஓட வேண்டிய ஒரே வேகம் நடை வேகம். அதில் நான் ஓட்டிப் பார்க்கவே இல்லை.

மறுநாள் சாயங்காலம் எங்கள் தெருவிலேயே பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன். முதலில் நான் முன்னால் நடக்க, அவர் பின்னால் ஓட்டி வந்தார். முள் எங்கே இருக்கிறது என்று நான் கேட்க, "பூஜ்யத்துக்குப் பக்கத்துல" என்றார். எந்தப் பக்கத்துல என்று கேட்டேன். "பக்கத்துலதான்" என்றார். இப்படி அளவெடுத்த ஒரு மாணவனை நான் தேர்ச்சி பெற விட்டதில்லை. அவரை இறக்கி முன்னால் நடக்கச் சொல்லிவிட்டு நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்தேன்.

"ஊர்வலத்துல நடக்குற மாதிரி நடங்க."

நடந்தார்.

"கீரனூர் பஸ்ஸப் புடிக்கவா போறீங்க? மெதுவா."

பிறகு இரண்டு கையையும் முன்னால் கோத்துக்கொண்டு, கண்ணுக்குத் தெரியாத நாதஸ்வரத்துக்குப் பின்னால் போகிறவராக அடியெடுத்து வைத்தார். விளக்குகள் எரிய, முதல் கியரில் நான் பின்னால் உருண்டேன். எதிர்வீட்டுப் பெண் கேட்டைத் திறந்து வந்து பார்த்தாள்.

"என்னக்கா, அண்ணன முன்னாடி நடக்கவிட்டுக் கார்ல வெரட்டுறீங்க? என்ன பண்ணுனாரு?"

"டைனமோவுக்குப் பொட்டு வச்சாரு."

அது போதுமான குற்றம்தான் என்பது போலத் தலையாட்டிவிட்டு உள்ளே போனாள்.

முள் மைனஸ் பத்தில் இருந்தது. நடை வேகத்தில் எஞ்சின் அவ்வளவு மெதுவாகச் சுற்றுகிறது. டைனமோ தருவது விளக்குகளுக்கே போதவில்லை. மீதியைப் பேட்டரி தன் கையிலிருந்து போடுகிறது. எங்கள் பேட்டரி வயதானது. ஊர்வலம் பாதி போவதற்குள் தீர்ந்துவிடும். போன ஆண்டு நடந்ததும் இதுதான். சந்தனம் அதைக் கொஞ்சம் சீக்கிரமாக்கியது, அவ்வளவே.

புது பேட்டரி கேட்டோம். ஆறு வோல்ட்டில் அந்த அளவு வரவழைக்க வேண்டும், கல்யாணத்துக்குள் வராது என்று கடையில் சொல்லிவிட்டார்கள். குறைவாக மின்சாரம் இழுக்கும் புது பல்பு போடலாம் என்றேன். "வெள்ளை வெளிச்சம் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கும்" என்றார். விளக்கை அணைத்துவிட்டுப் போகலாமா என்று நான் கேட்கவில்லை. இருட்டில் வரும் காருக்கும் தள்ளிக்கொண்டு வரும் காருக்கும் அவர் கணக்கில் வித்தியாசம் கிடையாது.

காரை நிறுத்தி, கியரை எடுத்துவிட்டு, யோசித்துக்கொண்டே ஆக்ஸிலேட்டரை மிதித்தேன். எஞ்சின் உறுமியது. முள் எழுந்து பூஜ்யத்தைத் தாண்டி ப்ளஸ் ஐந்துக்குப் போனது. அவர் ஜன்னலில் தலையை விட்டார்.

"பாத்தியா, ப்ளஸ்ஸு!"

"வண்டி நிக்குதுங்க."

"நின்னா என்ன? ப்ளஸ்ஸு ப்ளஸ்ஸுதானே."

அபத்தம் என்று சொல்ல வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டேன். டைனமோவுக்கு எஞ்சின் சுற்றுவது மட்டும்தான் தெரியும். சக்கரம் உருள்கிறதா என்பது தெரியாது. நகரும்போது கிளட்சைப் பாதி மிதித்துக்கொண்டு எஞ்சினை உறும விடலாம்தான், ஆனால் இரண்டு தெரு தாண்டுவதற்குள் கிளட்ச் கருகிவிடும். நிற்கும்போது அந்தப் பயம் இல்லை. ஆக இந்தக் கார் நகர்ந்தால் செலவு செய்யும், நின்றால் சம்பாதிக்கும். என்ன ஊர்வலம் வேண்டும் எங்களுக்கு? அதிகம் நகராத ஊர்வலம்.

அன்றிரவே நாத்தனாருக்குப் போன் செய்தேன். ஊர்வலம் போகும் வழியில் சொந்தக்காரர் வீடு எத்தனை என்று கேட்டேன்.

"எதுக்கு அத்தாச்சி?"

"எல்லா வீட்டுலயும் மாப்பிள்ளைக்கு ஆரத்தி எடுக்கச் சொல்லு. அவசரமில்லாம எடுக்கச் சொல்லு."

"ஐயோ, சொன்னா சந்தோசப்படுவாங்க. வழக்கமா நின்னு வாங்கிக்கக்கூட மாட்டாங்க, கும்புட்டுட்டுப் போயிருவாங்க. அண்ணனுக்கு எங்க சனம் மேல எம்புட்டு மரியாத பாருங்க!"

மரியாதைக்கான தொழில்நுட்பக் காரணத்தை நான் விளக்கவில்லை.

கல்யாணத்துக்கு முந்தின சாயங்காலம், கீரனூரில் பிள்ளையார் கோயில் வாசலில் ஊர்வலம் கிளம்பியது. முன்னால் நாதஸ்வரமும் தவிலும். பிறகு சீர்த்தட்டு ஏந்திய பெண்கள். பிறகு எங்கள் கார். அதற்குப் பின்னால், பூப்போட்டு, ஜன்னல் ஏற்றி, ஆளில்லாமல் குளிர்ந்துகொண்டே வந்த அந்தப் புது வண்டி. நான் முன்சீட்டில் என் வீட்டுக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்ததை யாரும் ரசிக்கவில்லை. சீர்த்தட்டோடு நடக்க வேண்டியவள். "முள்ளப் பாக்க ஆளு வேணும்" என்றேன். எந்த முள் என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார்கள்.

பின்சீட்டில் மாப்பிள்ளை. மீமிசல் பக்கத்துப் பையன், சென்னையில் வேலை. மாலைக்குள்ளிருந்து தலையை நீட்டி, "அத்தை, மைனஸ்ஸுன்னா கெட்டதா?" என்று கேட்டார்.

"செலவு. ரொம்ப நேரம் இருந்தா கெட்டது."

"எவ்வளவு நேரம்?"

"நீங்க சிரிச்சுக்கிட்டே இருங்க மாப்ள" என்றார் என் வீட்டுக்காரர். "அதெல்லாம் பெண் வீட்டார் பொறுப்பு."

முதல் வீட்டில் ஆரத்தித் தட்டோடு இரண்டு பெண்கள் நின்றார்கள். கார் நின்றது. அவர் கியரை எடுத்து ஆக்ஸிலேட்டரை மிதித்தார். அந்த உறுமலில் தட்டு ஆடி, ஆரத்தி நீர் பாதி கீழே கொட்டியது. நாதஸ்வரக்காரர் வாசிப்பை நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தார். நல்ல உயரம், நல்ல மீசை.

"ஐயா, நாங்க வாசிக்கவா, வேணாமா?"

"நீங்க வாசிங்க. இது சும்மா, சார்ஜ் ஏறுது."

"ஒங்களுக்குச் சார்ஜ் ஏற ஏற எங்களுக்குச் சுருதி எறங்குதே!"

நான் குறுக்கிட்டேன். வண்டி நகரும்போது நீங்கள் வாசியுங்கள், நிற்கும்போது கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொள்ளுங்கள் என்றேன். இதுவரை எந்தக் கல்யாணத்திலும் அவருக்கு ஓய்வு எடுக்கச் சொன்னவர் கிடையாது போலிருக்கிறது. மீசையைத் தடவியபடி ஒப்புக்கொண்டார். தவில்காரர்தான் ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த வீட்டில் எஞ்சின் உறுமி ஓய்ந்ததும், அதே தாளத்தை அப்படியே தவிலில் திருப்பி வாசித்தார். கூட்டம் சிரித்தது. என் வீட்டுக்காரர் மறுபடி இரண்டு அழுத்து அழுத்தினார். தவில் இரண்டும் ஒரு கூடுதலுமாகப் பதில் சொன்னது. விசில் பறந்தது.

அதோடு என் கட்டுப்பாடு போனது. மூன்றாவது வீட்டில் அவர் குட்டி குட்டியாக, வெட்டி வெட்டி மிதிக்க ஆரம்பித்தார்.

"என்னங்க, விட்டு விட்டு மிதிச்சா ஏறாது. சீரா மிதிங்க."

"ஒரு நிமிசம் இரு. அவன் மூணு போட்டுருக்கான்."

"அத்தை, மைனஸ் நாலு" என்றார் பின்சீட்டிலிருந்து மாப்பிள்ளை. அவருக்கு இந்தக் கல்யாணத்தில் சடங்கு நீங்கலாக ஒரு வேலை கிடைத்துவிட்டது.

நான்காவது வீட்டிலும் ஐந்தாவதிலும் கச்சேரி நடந்தது. தவில்காரர் வியர்த்து வழிய ஜெயித்தார், என் வீட்டுக்காரரும் ஜெயித்தார், தோற்றது பேட்டரி. அதோடு சொந்தக்காரர் வீடுகள் முடிந்துவிட்டன. இனி மண்டபம் வரை கடைகளும் தெரியாத வீடுகளும்தான். வண்டி நகர நகர விளக்குகள் மஞ்சளாகின. முன்னால் போகிற பெண்களின் முதுகில் விழுந்த வெளிச்சம் பழைய மருதாணி நிறத்துக்கு வந்தது. என் வீட்டுக்காரர் இப்போது தவில்காரர் பக்கம் திரும்பவே இல்லை.

பின்னாலிருந்த வண்டி மெல்ல ஹார்ன் அடித்தது. காரை நிறுத்தினோம். நாத்தனாரின் கணவர் வந்து எங்கள் ஜன்னலில் சாய்ந்தார். பின்னால் புது வண்டியின் கதவை அவர் ஏற்கெனவே திறந்து வைத்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

"என்ன மச்சான், லைட்டு சாமி கும்புடுது போலயே. மாப்ள, எறங்குங்க. அங்கிட்டு ஏசி ஓடிக்கிட்டு இருக்கு."

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் யாரையும் பார்க்கவில்லை. நேராக விளக்கு விழும் இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மாமா, ஒரு வீடு பாக்கலாம்" என்றார் மாப்பிள்ளை, தன் மாமனாரிடம். "இன்னும் ஒரே ஒரு ஆரத்தி."

"இனிமே நமக்கு இங்க யாரு இருக்கா?"

நான் இறங்கிவிட்டேன். எதிரே ஒரு வீட்டில் வாசல் விளக்கு எரிந்தது. என் வயதுப் பெண் ஒருத்தி நைட்டியில், தோளில் துண்டோடு, வாசலில் நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு கல்லூரி ஊழியர் செய்யக் கூடிய காரியமா என்று யோசிக்க நேரமில்லை.

"ஒரு ஆரத்தி எடுக்க முடியுமாங்க?"

"நானா? யாருக்கு?"

"மாப்பிள்ளைக்கு."

"நாங்க ஒங்களுக்கு என்ன ஒறவு?"

"அத அப்புறம் பாத்துக்கலாங்க. மெதுவா வாங்க, அவசரமே இல்ல."

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். கல்யாணக்கார வீட்டுப் பட்டுப்புடவையில் வந்து ஒருத்தி ஆரத்தி கேட்பது அவளுக்கும் புதிது. "இருங்க, இப்புடியேவா வருவேன்? சீலையக் கட்டிக்கிட்டு வாரேன்" என்று உள்ளே ஓடினாள்.

ஒரு பெண் புடவை கட்டி, மஞ்சளைக் கரைத்து, சுண்ணாம்பு தேடி, கிடைக்காமல் பக்கத்து வீட்டில் கேட்டு, தலையில் பூவும் வைத்துக்கொண்டு வர எவ்வளவு நேரமாகும் என்று எல்லாருக்கும் தெரியும். அந்த முழு நேரமும் எங்களுக்குக் கிடைத்தது. நான் நேராகத் தவில்காரரிடம் போனேன்.

"அண்ணே, அவரு கூடப் போட்டி வேணாம். இப்ப நீங்க மட்டும் வாசிங்க. நல்லா நீட்டி வாசிங்க."

"தனியாவா?"

"தனியா."

அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை என்னால் மறக்க முடியாது. பிறகு என் வீட்டுக்காரரிடம் வந்து, "சீரா மிதிங்க, ஒரே மாதிரி, எடுக்காம" என்றேன். ஒருமுறையாவது சொன்னதைச் செய்தார். எஞ்சின் ஒரே சுருதியில் நிலைத்தது. வேண்டுமென்றோ தற்செயலாகவோ நாதஸ்வரக்காரர் அந்தச் சுருதிக்கே தன் குழலைக் கொண்டு வந்து ஒரு நீண்ட ஸ்வரம் பிடித்தார்.

"மைனஸ் ஒண்ணு" என்றார் மாப்பிள்ளை. "பூஜ்யம். ப்ளஸ்ஸு. மாமா, ப்ளஸ் ஆறு!"

விளக்குகள் மஞ்சளிலிருந்து எழுந்து வெளுத்தன. கூட்டத்தின் நிழல்கள் தெரு முழுக்க நீண்டன. நாத்தனாரின் கணவர் இரண்டு வண்டிக்கும் நடுவில், இரண்டு வெளிச்சத்தையும் மாறி மாறிப் பார்த்தபடி நின்றார். "இந்த வீட்டம்மா யாரு?" என்று என்னிடம் கேட்டார்.

"நம்ம சொந்தம்தாண்ணே."

"எந்த வழியில?"

"டைனமோ வழியில" என்றார் என் வீட்டுக்காரர், முள்ளிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அந்தப் பெண் பச்சைச் சேலையில், ஆரத்தித் தட்டும் சந்தனக் கிண்ணமுமாக வந்தாள். மாப்பிள்ளைக்குப் பொறுமையாகச் சுற்றினாள். பிறகு யாரும் சொல்லாமலே காரின் முன்பக்கமும் ஒரு சுற்றுச் சுற்றி, பானெட்டில் ஒரு பொட்டு வைத்தாள். அந்தப் பெயிண்ட்டில் சந்தனம் படுவதைப் பார்த்து என் வீட்டுக்காரர் மூச்சை இழுத்தார். ஆனால் துடைக்கப் போகவில்லை. நாளைக்குக் கல்யாணத்துக்கு வந்துவிட வேண்டும் என்று அவளை மூன்று தடவை அழைத்தார்.

மீதி தூரத்தை நாத்தனாரின் கணவர் எங்களுக்கு முன்னால் வேக வேகமாக நடந்து கடந்தார். மாப்பிள்ளையை வரவேற்க அவர் மண்டப வாசலில் நிற்க வேண்டும். நாங்கள் மண்டப வாசலுக்குக் காரைத் திருப்பியபோது அவர் வாழைமரத் தோரணத்துக்குக் கீழே, மாலையோடு, முழு வெளிச்சத்தில் நின்றார். இரண்டு விளக்குகளும் அவர் முகத்தில் நேராக விழுந்தன. மாலை பிடித்திருந்த கையை உயர்த்திக் கண்ணை மறைத்துக்கொண்டார்.

"மச்சான், போதும் மச்சான்! கண்ணு கூசுது. லைட்ட அணைங்க!"

"என்னது?" என்றார் என் வீட்டுக்காரர். "எஞ்சின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல!"

"அணைங்கங்குறேன்!"

"கேக்கல மச்சான்!"

மண்டபமே சிரித்தது. மாப்பிள்ளையை இறக்கி, மாலை போட்டு, படிகளில் ஏற்றும் வரை விளக்குகள் எரிந்தன. என் வீட்டுக்காரர் ஒரு கையைக் கதவின் மேல் போட்டுக்கொண்டு, ஊரையே அழைத்து வந்தவராக உட்கார்ந்திருந்தார். "முள்ளு எங்க இருக்கு?" என்று, திரும்பிப் பார்க்காமல், சும்மா ஒரு பேச்சுக்குக் கேட்டார்.

பார்த்தேன். அவர் கால் ஆக்ஸிலேட்டரிலிருந்து எப்போதோ எடுபட்டிருந்தது. முள் மைனஸ் பன்னிரண்டில் கிடந்தது.

"பூஜ்யத்துக்குப் பக்கத்துல" என்றேன்.